மொட்டைமாடியின் சாவி

என் மேசைக்கு மேலே ஒரு புகைப்படம் மாட்டியிருக்கிறேன். வடக்குத் திசை வானம். கீழே ராயப்பேட்டையின் கூரைகள், தண்ணீர்த் தொட்டிகள், ஒரு செல்போன் கோபுரம். தூரத்தில் அண்ணா சாலை எல்ஐசி கட்டடத்தின் உச்சி. மேலே நட்சத்திரங்கள் நகர்ந்த தடங்கள் வில்போல வளைந்து கிடக்கின்றன. உற்றுப் பார்த்தால் எல்லாக் கோடுகளிலும் ஒரு அறுப்பு தெரியும். கோடு வந்துகொண்டே இருக்கிறது, கொஞ்ச தூரம் காணாமல் போகிறது, மறுபடி தொடங்குகிறது. அந்த அறுப்பின் அளவு இருபது நிமிடம். அந்த இருபது நிமிடமும் நான் எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மார்ச் மாதத் தொடக்கம். இரவு பதினொன்று இருக்கும். மாடிக் கதவு திறந்தது, டியூப்லைட் எரிந்தது.

"யாரு? மேடமா? இந்த நேரத்துல தனியா இங்க என்ன பண்றீங்க?"

"படம் எடுக்கிறேன் சார்."

"எதை?"

"நட்சத்திரத்தை."

அவர் அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார், எதிர்க் கட்டடத்து ஜன்னல்களைப் பார்த்தார். 'சார் ஊர்ல இல்லையா?' என்று கேட்டார். கடைசியில் சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்க மேடம். உங்க சேஃப்டிக்குத்தான் சொல்றேன். எதிர் வீட்டுக்காரங்க பாத்தா என்ன நெனைப்பாங்க?"

முதலில் என் பாதுகாப்பு. அடுத்த மூச்சிலேயே எதிர்வீட்டுக்காரரின் நினைப்பு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அவர் எப்படித் தாவினார் என்பதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நட்சத்திரத் தடம் எடுப்பதில் மாயம் ஒன்றுமில்லை. பூமி மணிக்கு 15 டிகிரி சுழல்கிறது. கேமராவை ட்ரைபாடில் அசையாமல் நிறுத்தி ஷட்டரை நெடுநேரம் திறந்து வைத்தால் ஒவ்வொரு நட்சத்திரமும் ஒரு கோடு இழுக்கும். நகரத்தில் அப்படித் திறந்து வைக்க முடியாது, தெருவிளக்கு வெளிச்சத்தில் படமே வெளுத்துவிடும். ஆகவே 30 விநாடிக்கு ஒரு படமாக, இடைவெளி விடாமல் எடுத்துக்கொண்டே போக வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு 240 படங்கள். பிறகு அவற்றைக் கணினியில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். ஸ்டார்ஸ்டாக்ஸ் போன்ற இலவச மென்பொருள் போதும். ஒவ்வொரு புள்ளியிலும் எந்தப் படத்தில் வெளிச்சம் அதிகமோ அதை அது எடுத்துக்கொள்ளும்.

ஐரோப்பியர்கள் எடுக்கும் படங்களில் துருவ நட்சத்திரம் வானத்தில் உயர நிற்கும், அதைச் சுற்றி முழு வட்டங்கள் இருக்கும். நமக்கு அப்படி வராது. ஓர் ஊரின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு உயரத்தில்தான் துருவ நட்சத்திரம் நிற்கும். சென்னைக்கு அது 13 டிகிரி. கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் ஒரு முஷ்டி ஏறக்குறைய 10 டிகிரி. தொடுவானத்திலிருந்து ஒரு முஷ்டிக்குச் சற்று மேலே தேடினால் கிடைத்துவிடும். பெரிய வட்டங்களின் அடிப்பகுதி கட்டடங்களுக்குப் பின்னால் இறங்கிவிட, மேல்வளைவுகள் மட்டும் ஊருக்கு மேலே தெரியும்.

இந்த இரண்டு மணி நேரமும் படம் எடுப்பவள் செய்ய வேண்டியது என்ன? லென்ஸில் ஈரம் படிந்தால் துடைக்க வேண்டும், பேட்டரியைக் கவனிக்க வேண்டும், இருட்டில் ட்ரைபாடை இடித்துவிடக் கூடாது. மற்றபடி சும்மா இருக்க வேண்டும். இருட்டில், திறந்தவெளியில், தனியாக, இரண்டு மணி நேரம் சும்மா. இதற்கு ஆகும் கேமராவையும் லென்ஸையும் தவணையில் வாங்கிவிடலாம். அந்த இரண்டு மணி நேரத்தை நம்மில் எத்தனை பேருக்கு வாங்க முடியும்?

'இப்போதெல்லாம் பெண்கள் ராத்திரியில் வேலைக்கே போகிறார்களே' என்று என் சக பேராசிரியர் ஒருவர் சொன்னார். உண்மைதான். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 66ஆம் பிரிவில், இரவு ஏழு மணியிலிருந்து காலை ஆறு மணிவரை ஆலைகளில் பெண்களை வேலைக்கு வைக்கத் தடை விதித்திருந்தது. அது செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் அந்தத் தடை இருந்த காலத்திலும் செவிலியர்கள் இரவுப் பணி பார்த்தார்கள். மீன் ஏலத்துக்கும் பூச்சந்தைக்கும் விடிவதற்கு வெகுமுன்பே பெண்கள் கிளம்பினார்கள். நாம் தூங்கும்போது சாலையைக் கூட்டிய பெண்கள் இருந்தார்கள். அவர்களைப் பார்த்து 'உங்க சேஃப்டிக்குத்தான் சொல்றேன்' என்று எந்தச் சங்கச் செயலாளரும் கவலைப்படவில்லை. எங்கள் தெருவைக் கூட்ட வரும் அம்மாவிடம் மாடிக் கதையைச் சொன்னேன். "எங்கள யாரும் பூட்டி வைக்கிறதில்லம்மா. நாங்க பயப்படுறோமான்னு கேக்கிறதும் இல்ல" என்றார்.

பாதுகாப்பு என்ற பெயரில் இங்கே நடப்பது பங்கீடு. சாதியும் வர்க்கமும் பார்த்துப் பங்கிடுகிறார்கள். குடும்ப மானம் என்று எந்தப் பெண்ணின் உடம்பில் எழுதி வைத்திருக்கிறார்களோ அவளுக்குப் பூட்டு. அப்படி எழுதத் தேவையில்லை என்று நினைக்கும் பெண்ணின் கையில் துடைப்பம். அவளுக்கும் இரவு சொந்தமில்லை. வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். கூட்டி முடித்த நடைமேடையில் அவள் கால் நீட்டி அரைமணி நேரம் உட்கார்ந்தால், அவளிடமும் கேட்க ஒரு போலீஸ்காரர் வருவார்.

நான் தமிழ் படித்தவள். என் முனைவர் பட்ட ஆய்வு அகப்பாடல்களில் பொழுது பற்றியது. குறிஞ்சிக்கு உரிய சிறுபொழுது யாமம். இரவுக்குறிக்கு வரும் இடையூறுகளை வரிசையாகச் சொல்லச் சொன்னால் எங்கள் மாணவிகள் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள்: தாய் தூங்காமை, நாய் தூங்காமை, ஊர் தூங்காமை, காவலர் சுற்றிவருதல், நிலவு வெளிப்படுதல். அந்தப் பட்டியலில் இன்னும் எதுவும் மாறவில்லை, சிசிடிவி மட்டும் சேர்ந்திருக்கிறது. பெண்ணை வீட்டுக்குள் அடைப்பதற்கு ஒரு கலைச்சொல்லும் வைத்திருக்கிறோம்: இற்செறிப்பு. ஐந்து மதிப்பெண் வினா. காலை பதினொரு மணிக்கு அதை நடத்திவிட்டு, மாலை ஆறரை மணிக்கு விடுதிக் கதவை இழுத்துப் பூட்டிய ஒரு துணை வார்டனை எனக்கு நன்றாகத் தெரியும். அது நான்தான்.

பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய கதை. ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டு இரண்டு ஆண்டுகள் விடுதிப் பொறுப்பும் பார்த்தேன். மாடிச் சாவி என் கைப்பையில் இருக்கும். ஓர் இரவு பதினொன்றரைக்கு இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி மாடியில் இருந்ததைக் காவலாளி பார்த்துவிட்டார். பூட்டை ஹேர்பின்னால் திறந்திருக்கிறாள். என்முன் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

"எதுக்குப் போன?"

"நட்சத்திரம் பாக்கப் போனேம்மா. வகுப்புல நீங்க சொன்னீங்கல்ல, வடமீன்னு."

அந்த வாரம்தான் நடத்தியிருந்தேன். அவள் கையில் செல்போன் இருந்தது. நான் நம்பவில்லை. அவள் அப்பாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். என்ன சொன்னேன் என்பது சொல்லுக்குச் சொல் ஞாபகம் இருக்கிறது: "பயப்பட ஒண்ணுமில்ல, ஆனா கொஞ்சம் கவனிச்சுக்குங்க." மறுநாள் முதல் பேருந்தில் அவர் வந்து இறங்கினார். என்னைப் பார்த்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார். அந்தப் பருவத் தேர்வு முடிந்து ஊருக்குப் போனவள் திரும்பி வரவில்லை. சில மாதம் கழித்துத் துறை முகவரிக்குக் கல்யாணப் பத்திரிகை வந்தது. நான் போகவில்லை.

அவளுக்கும் மேடையிலிருந்து இறங்கி அருந்ததி காட்டியிருப்பார்கள்.

நம் பெண்களை இந்தச் சமூகம் அழைத்துப்போய்க் காட்டும் ஒரே நட்சத்திரம் அதுதான். எனக்குப் பகல் பத்தரை மணிக்குக் காட்டினார்கள். 'தெரியுதா?' என்று கேட்டார்கள், 'தெரியுது' என்றேன். வெட்டவெளிச்சத்தில் இல்லாத ஒன்றைத் தெரிகிறது என்று சொல்வதில் தொடங்கியது என் இல்லறம். சங்க இலக்கியத்தின் வடமீன் இவள்தான்; கற்புக்கு உவமை. சிலப்பதிகாரம் கண்ணகியை நமக்கு அறிமுகம் செய்யும்போதே வடமீனைத் துணைக்கு அழைத்துக்கொள்கிறது.

மகாபாரத வனபருவத்தில் ஒரு கதை உண்டு. ஏழு ரிஷிகளின் மனைவியர்மேல் அக்கினி ஆசைப்படுகிறான். அக்கினிமேல் ஆசைப்பட்ட சுவாகா, அந்தப் பெண்களில் ஆறு பேரின் உருவத்தை எடுத்து அவனைச் சேர்கிறாள். அருந்ததியின் உருவத்தை மட்டும் அவளால் எடுக்க முடியவில்லை. முருகன் பிறந்ததும் பழி அந்த ஆறு பேர்மேல் விழுகிறது. அவர்கள் குற்றமற்றவர்கள் என்று விசுவாமித்திரர் எடுத்துச் சொன்ன பிறகும் ரிஷிகள் மனைவியரைக் கைவிடுகிறார்கள். கைவிடப்பட்டவர்கள் கார்த்திகைப் பெண்களானார்கள். இதை என் மாணவிகளுக்கு இப்போது மாடியில் வைத்துத்தான் சொல்ல ஆசை. ஏனென்றால் மார்ச் மாதத்து இரவு பத்து மணிக்கு வடகிழக்கில் ஏழு ரிஷிகள் ஏறிக்கொண்டிருப்பார்கள், மேற்கில் கார்த்திகை தாழ்ந்துகொண்டிருக்கும். மாடியில் நின்று தலையைத் திருப்பினால் தீர்ப்பின் இரண்டு பக்கமும் தெரியும். சந்தேகத்துக்கு ஆளானவளைத் துரத்தவும், ஆளாகாதவளைக் கணவன் பக்கத்தில் நிறுத்திக் காட்டவும் வானத்தையே பயன்படுத்திக்கொண்டார்கள். நான் ஓர் அப்பாவுக்குத் தொலைபேசியில் சொன்னதும் அந்தத் தீர்ப்பின் ஒரு நகல்தான்.

என் படத்தைப் பெரிதாக்கினால் வசிஷ்டரும் அருந்ததியும் ஒட்டி ஓடும் இரண்டு கோடுகள். வசிஷ்டரின் வெளிச்சத்திலேயே இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று சுற்றுகின்றன என்பது 1889இல் ஹார்வர்டு ஆய்வகத்தின் புகைப்படத் தகடுகளிலிருந்து தெரியவந்தது. அந்தச் சுற்றுக்காலத்தைக் கணக்கிட உழைத்தவர் அன்டோனியா மோரி என்ற பெண். அருந்ததிக்கும் மங்கலான ஒரு துணை நட்சத்திரம் உண்டு என்று 2009இல் கண்டுபிடித்தார்கள். கல்யாண மண்டபங்களுக்கு இந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை.

ஹார்வர்டில் மோரியும் அவரைப் போன்ற பெண்களும் பகலில் மேசையில் உட்கார்ந்து கண்ணாடித் தகடுகளைப் படித்தவர்கள். தொலைநோக்கியடியில் இரவுகளைக் கழித்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அமெரிக்காவின் பாலோமர் வானாய்வகத்தில் பெண்களுக்கு அதிகாரபூர்வமாக இடமே இல்லாமல் இருந்தது. பெண்களுக்கான கழிப்பறை இல்லை என்பதும் காரணமாகச் சொல்லப்பட்டது. 1965இல் அங்கே அனுமதி பெற்ற முதல் பெண் வேரா ரூபின்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். என் மாடியிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, நுங்கம்பாக்கத்தில் 1792இலிருந்து மெட்ராஸ் வானாய்வகம் இருந்தது. அதன் தலைமை வானியலாளர் போக்சனின் மகள் ஐசிஸ் போக்சன் 1873இலிருந்து அங்கே உதவியாளராக ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்தார். 1886இல் லண்டன் ராயல் வானியல் கழகத்தின் உறுப்பினராக அவர் பெயரைத் தந்தை முன்மொழிந்தார். கழகத்தின் சாசனம் உறுப்பினரை 'அவன்' என்றே குறிப்பிடுகிறது, ஆகவே பெண்ணைச் சேர்க்க முடியாது என்றார்கள். 1920இல்தான் சேர்த்தார்கள். அவர் ஆளும் இனத்துப் பெண், ஆய்வகத் தலைவரின் மகள். அவருக்கே முப்பத்துநான்கு ஆண்டுகள் ஆயின. பகலெல்லாம் அந்த வளாகத்தைக் கூட்டிப் பெருக்கிய நம் ஊர்ப் பெண்களின் பெயரை எந்த ஏட்டில் தேடுவது?

பாதுகாப்பு என்றால் வெளிச்சம் என்று ஆகிவிட்டது. 2013இல் ஏற்படுத்தப்பட்ட நிர்பயா நிதியின் பணம் பல நகரங்களில் கேமராக்களாகவும் விளக்குகளாகவும் மாறியிருக்கிறது. தெருவிளக்கு கேட்டு மனு எழுதியவர்களில் நானும் ஒருத்தி. இப்போதும் கேட்பேன். பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடுவரை நடக்கும் பெண்ணுக்கு அந்த வெளிச்சம் வேண்டும். நட்சத்திரம் தெரியவில்லை என்பதற்காக அவள் தெருவை இருட்டாக்கு என்று கேட்க எனக்கு உரிமையில்லை. ஆனால் விளக்கும் கேமராவும் பெண்ணைக் கண்காணிக்கவே முதலில் பயன்படுகின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். செயலாளர் போட்ட டியூப்லைட் என்னைப் பாதுகாக்கவில்லை. எதிர் வீட்டுக்காரருக்கு என்னைக் காட்டிக்கொடுத்தது. என் நாற்பது படங்களை வெளுக்கவும் செய்தது. இரவில் நம்மைப் பாதுகாப்பது இன்னும் பல பெண்கள் வெளியே இருப்பதுதான். தனியாக நிற்பவளைத்தான் விசாரிப்பார்கள். நாற்பது பேர் நிற்கும் மாடியில் யார் யாரை விசாரிப்பது?

இதை நான் மட்டும் சொல்லவில்லை. மும்பையை வைத்து ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் எழுதிய 'ஒய் லாய்ட்டர்?' 2011இல் வந்தது. சும்மா சுற்றுவதைப் பெண்களின் உரிமையாகக் கேட்ட புத்தகம். 2015இல் டெல்லி மாணவிகள் விடுதி நேரக் கட்டுப்பாடுகளுக்கு எதிராகப் 'பிஞ்ச்ரா தோட்' என்று திரண்டார்கள். கூண்டை உடை என்று பொருள். 2022இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரி மாணவிகள் இரவு 9.30 மணி விதியை எதிர்த்துக் கேரள உயர் நீதிமன்றம் போனார்கள். 2024 ஆகஸ்ட் 14 நள்ளிரவில் கொல்கத்தாவின் தெருக்களைப் பெண்கள் நிரப்பினார்கள். ஒரு பெண் மருத்துவர் தன் பணியிடத்திலேயே கொல்லப்பட்ட பிறகு. இரவுப் பணியில் இருந்தவர் அவர். வேலைக்கென்று இரவைத் திறந்துவிட்டவர்களால் அந்த இரவில் அவருக்கு ஓய்வெடுக்க ஓர் அறையைத் தர முடியவில்லை.

மாடிச் சம்பவத்துக்கு மறுவாரம் எங்கள் கட்டடத்தில் சுற்றறிக்கை வந்தது. இரவு ஒன்பது மணிக்குமேல் மொட்டைமாடி பூட்டப்படும். தேவைப்படுவோர் காரணத்தை எழுதிக் கொடுத்துச் சாவி பெற்றுக்கொள்ளலாம். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பீர் பாட்டில்கள் முன்போலவே சேர்கின்றன. மோட்டார் பார்க்கப் போகும் ஆண்களிடம் ஒரு சாவி எப்போதும் உண்டு. என்னிடம் செயலாளர் நல்லவிதமாகவே சொன்னார்: "நீங்க ஆர்ட்டிஸ்ட் மேடம், உங்களுக்குப் பிரச்சினை இல்ல. போட்டோகிராஃபின்னு எழுதிக் குடுங்க, போதும்."

அங்கேதான் எனக்கு உறைத்தது. கேமராவும் ட்ரைபாடும் என் அனுமதிச் சீட்டு. அது இல்லாமல் வெறுங்கையோடு நின்றிருந்தால் நான் யார்? பன்னிரண்டு வருடமாக அந்த மாணவி உண்மையைத்தான் சொன்னாளா என்று என்னை நானே கேட்டு வதைத்துக்கொண்டிருந்தேன். நட்சத்திரம் பார்த்தாள் என்றால் நான் பாவி, செல்போனில் பேசினாள் என்றால் பாவமில்லை என்பதுபோல. அந்தக் கேள்வியே தவறு. அவள் நட்சத்திரம் பார்த்திருக்கலாம், யாருடனோ பேசியிருக்கலாம், இரண்டும் செய்திருக்கலாம், சும்மா காற்று வாங்கியிருக்கலாம். எனக்குக் காரணம் சொல்ல அவள் கடமைப்பட்டவள் இல்லை. அதே வளாகத்தில் ஆண்கள் விடுதி மாடியில் கோடைக்குப் பாய் விரித்துப் படுத்திருந்த எவனிடமும் யாரும் காரணம் கேட்கவில்லை.

நான் இப்போது வேலை பார்க்கும் கல்லூரியின் விடுதி அவுட்பாஸிலும் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அந்தக் கட்டத்தை எடுத்துவிட வேண்டும், விடுதி மாடியைத் திறந்துவிட வேண்டும் என்று விடுதிக் குழுவில் எழுத்தில் கேட்டேன். ஒன்பது பேரில் என்னுடன் நின்றவர் ஒருவர். 'பெற்றோருக்கு யார் பதில் சொல்வது?' என்று கேட்டார்கள். ஒரு தொலைபேசி அழைப்புக்குப் பிறகு பன்னிரண்டு வருடமாகப் பதில் சொல்ல முடியாமல் இருப்பவள் நான். அதை அந்தக் கூட்டத்தில் சொன்னேன். தீர்மானம் தோற்றது. அடுத்த கூட்டத்திலும் கொண்டுவருவேன்.

தோழிகளே, மாணவிகளே, நட்சத்திரம் பாருங்கள் என்று உங்களை அழைக்கவில்லை. அதற்கு அழைத்தால் அதுவும் ஒரு காரணமாகிவிடும். பார்க்க விருப்பமில்லை என்றால் பார்க்காதீர்கள். மாடிக்குப் போங்கள், திண்ணையில் உட்காருங்கள், கடற்கரையில் நில்லுங்கள். இருவராக, பத்துப் பேராக, முடிந்தால் தனியாகவும். ஏன் என்று யாராவது கேட்டால் பதில் தயாரிக்காதீர்கள். நாம் சொல்லும் ஒவ்வொரு நல்ல காரணமும், காரணமில்லாமல் நிற்கும் அடுத்த பெண்ணைச் சந்தேகத்தில் தள்ளும்.

செயலாளருக்குக் கடிதம் கொடுத்துவிட்டேன். பெயர், வீட்டு எண், நேரம் இரவு 10 முதல் 1 வரை. காரணம் என்ற இடத்தில் ஒன்றும் எழுதவில்லை. எங்கள் கட்டடத்தின் இன்னும் நான்கு பெண்கள் அதேபோல எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார்கள். பதில் இன்னும் வரவில்லை.